சூரியனின் ரகசியத்தைச் சொன்ன பெண்!

குழம்பு கொதிக்கிறது. பொங்கி வழிகிறது. ஒரு சொட்டு, காஸ் அடுப்பின் நீலச் சுடரில் விழுகிறது. உடனே சுடர் மஞ்சளாக மாறுகிறது!

இதைப் பார்க்காத தாய்மார்கள் இருக்க முடியாது. அடுப்பைத் தணித்துவிட்டு, அத்தோடு மறந்து விடுவார்கள்.

அந்த மஞ்சள் நிறம் எங்கே இருந்து வந்தது? உப்பில் இருந்து வந்தது. உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. சூடு பட்டால் சோடியம் மஞ்சள் ஒளி வீசும். ஸ்ட்ரான்சியம் என்ற பொருள் சிவப்பு ஒளி வீசும். சிவப்பு மத்தாப்பின் ரகசியம் அதுதான்.

ஆக, ஒளியைப் பார்த்தே பொருளைச் சொல்லிவிடலாம். இந்த வித்தையைக் கொண்டுதான், சூரியன் எதனால் ஆனது என்று ஓர் இளம்பெண் கண்டுபிடித்தார். ஆனால், அவர் சொன்னதை அன்று யாரும் நம்பவில்லை!

அணுவுக்குள் மாடிப்படி

ஒவ்வொரு பொருளும் அணுக்களால் ஆனது. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. எலெக்ட்ரான் நினைத்த இடத்தில் எல்லாம் நிற்க முடியாது. மாடிப்படியில் நாம் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரையாவது படியில் நிற்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும். 1913-ம் ஆண்டில் இதைச் சொன்னவர், டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர்.

சூடு பட்டால் எலெக்ட்ரான் மேல் படிக்குத் தாவும். கீழே இறங்கும்போது, மிச்சமான சக்தியை ஒளியாக வீசும். எவ்வளவு உயரத்தில் இருந்து இறங்குகிறதோ, அதற்கு ஏற்ற நிறம் வரும். சோடியத்தின் படிகள் வேறு; இரும்பின் படிகள் வேறு. அதனால் நிறமும் வேறு.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒளி வரும் வழியில் அணுக்கள் நின்றால், தமக்கு உரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிட்டு மேல் படிக்கு ஏறும். அந்த நிறம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும்.

சூரிய ஒளியை முக்கோணக் கண்ணாடி வழியாகப் பாய்ச்சினால், வானவில்லைப் போல வண்ணப் பட்டை தெரியும். இதற்கு நிறமாலை என்று பெயர். நுட்பமான கருவியால் பார்த்தால், அதில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஹோபர் என்பவர் 1814-ம் ஆண்டில் அவற்றை எண்ணி, படம் வரைந்தார். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அப்படித்தான் பொருள்களுக்கு இந்தக் கோடுகள்!

கண்ணை ஏமாற்றிய கோடுகள்

சூரியனின் நிறமாலையில் இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஆகவே, "பூமியில் உள்ள பொருள்கள்தான் சூரியனிலும் உள்ளன, ஏறக்குறைய அதே அளவில் உள்ளன" என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள்.

அங்கேதான் தவறு! சந்தைக்குப் போனால் யார் குரல் காதில் விழுகிறது? கூவி விற்பவர்களின் குரல். அவர்கள் பத்துப் பேர்தான். வாய் திறக்காமல் நிற்பவர்களோ ஆயிரம் பேர். சத்தத்தை வைத்துத் தலைகளை எண்ணலாமா?

கோட்டின் அழுத்தம் பொருளின் அளவை மட்டும் பொறுத்தது அல்ல, சூட்டையும் பொறுத்தது. இதற்குக் கணக்குப் போட வழி காட்டியவர், ஓர் இந்தியர். அவர் பெயர் மேகநாத சாகா. டாக்கா அருகே ஒரு கிராமத்தில், ஏழை மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-ம் ஆண்டில் பிறந்தவர். எவ்வளவு சூட்டில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் என்று கண்டறியும் சூத்திரத்தை, 1920-ம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

"இது நடக்காத காரியம்!"

அந்தச் சூத்திரத்தைக் கையில் எடுத்தவர், செசிலியா பெய்ன். இங்கிலாந்துப் பெண். கேம்பிரிட்ஜில் படித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பட்டம் கொடுப்பது இல்லை. 1923-ம் ஆண்டில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு வானாராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

அவர் போட்ட கணக்கு இதுதான்:

சூரியனின் மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு சூடு. அந்தச் சூட்டில், கால்சியம் அணுக்கள் ஏறக்குறைய எல்லாமே ஓர் எலெக்ட்ரானை இழந்து, கோடு போடத் தயாராக நிற்கின்றன. ஹைட்ரஜன் அப்படி அல்ல. நம் கண்ணுக்குத் தெரியும் கோட்டைப் போட, ஹைட்ரஜனின் எலெக்ட்ரான் இரண்டாம் படியில் இருக்க வேண்டும். பல கோடி அணுக்களில் ஒன்றுதான் அப்படி இருக்கும். மற்றவை எல்லாம் முதல் படியிலேயே கிடக்கும்.

பல கோடியில் ஒன்று போட்ட கோடே இவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்றால், மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்! உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கு காட்டியது.

அன்று வானியலில் பெரும் புகழ் பெற்றவர், ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். பெய்ன் எழுதியதைப் படித்த அவர், இது நடக்காத காரியம் என்று கடிதம் எழுதினார்.

பெய்னுக்கு அப்போது வயது 24. அவர் என்ன செய்வார்? பட்டம் பெற வேண்டுமே! தம்முடைய முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று, தம் கட்டுரையில் தாமே எழுதினார். 1925-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1929-ம் ஆண்டில் ரஸ்ஸல் வேறு வழியில் ஆராய்ந்தார். அதே விடை வந்தது! பெய்னின் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டு, தம் முடிவை வெளியிட்டார். இருந்தாலும், புகழில் பெரும் பங்கு பல ஆண்டுகள் அவருக்கே போயிற்று.

சூரியனின் எடையில் நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். மீதியில் பெரும்பகுதி ஹீலியம். இரும்பும் கால்சியமும் மற்றவையும் சேர்ந்து, நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும் உண்மை இது.

தாமதமாக வந்த மரியாதை

பெய்ன் மணம் புரிந்து, மூன்று குழந்தைகளுக்குத் தாய் ஆனார். ஆராய்ச்சியை விடவில்லை. ஆனால் அவர் நடத்திய பாடங்கள், 1945-ம் ஆண்டு வரை ஹார்வர்டின் பாடப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. 1956-ம் ஆண்டில்தான் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவருக்கு வழி காட்டிய மேகநாத சாகா, அதே ஆண்டில்தான் காலமானார்.

1979-ம் ஆண்டில் பெய்ன் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் ரஸ்ஸலைக் குறை கூறவில்லை. "நான் சொல்வதுதான் சரி" என்று நம்பிய பிறகும், பெரியவர் சொல்லுக்குப் பணிந்து போனது தம்முடைய தவறே என்று எழுதி வைத்தார்.

இனி உங்கள் வீட்டு அடுப்பில் சுடர் மஞ்சளாக மாறினால், பக்கத்தில் இருக்கும் உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்தக் கதையையும் சொல்லுங்கள்!