பனிக்கட்டி வீதியில் சுக்கானும் உராய்வும்

பின்லாந்தில் மாரிகாலத்தில் வீதிகள் பனிக்கட்டியால் மூடப்படும். அங்கு நான்கு சில்லுகளும் இயக்கப்படும் வாகனமொன்று, சுக்கானைத் திருப்பியும் வளையாது நேரே வழுக்கிச் செல்லலாம். பழுது சுக்கானிலா, வீதியிலா?

1. உலர்ந்த நேர்வீதியிலும் ஒரு பக்கமாக இழுபடின், ரயர்களின் காற்றமுக்கத்தையும் முன்சில்லுகளின் ஒழுங்கமைப்பையும் சோதிக்க வேண்டும்.

2. சுக்கான் தளர்வாக இருப்பின், அதன் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம்.

3. பனிக்கட்டியில் மாத்திரம் வழுக்கின், பிரதான காரணம் உராய்வுக் குறைவாகும். உலர்ந்த தார்வீதியில் ஏறத்தாழ 0.7 ஆகவுள்ள உராய்வுக் குணகம் பனிக்கட்டியில் ஏறத்தாழ 0.1 ஆகக் குறையும்.

நான்கு சில்லுகளும் இயங்குவதால் புறப்படுதல் இலகுவாகும்; ஆனால் வளைவதற்கான விசையை உராய்வே வழங்குகின்றது. எனவே வழுக்கும்போது சாரதி ஆர்முடுக்கியை விடுவித்து, சுக்கானைச் சற்று நேராக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: இலகுவாகப் புறப்பட்ட வாகனம் இலகுவாக வளையும் என எண்ணலாகாது.