திசு வளர்ப்புத் தேக்கு: வாங்குமுன் சில செய்திகள்

நம் சங்க அன்பர்கள் பலருக்கு ஊரில் கொஞ்சம் பூர்வீக நிலம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை போய் வருகிறோம். பயிர் பார்க்க ஆள் இல்லை. "மரம் வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு வளரும்" என்று தோன்றுவது இயல்பே. திசு வளர்ப்புத் தேக்கு வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். திசு வளர்ப்புக் கூடமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேக்கை விதையில் வளர்ப்பதில் இரண்டு சங்கடங்கள். விதை ஒழுங்காக முளைக்காது. முளைத்தாலும் பிள்ளைகள் எல்லாம் தாயைப் போல இருப்பதில்லை. ஒன்று நெடுநெடுவென நேராகப் போகும், பக்கத்திலேயே இன்னொன்று கோணலாக நிற்கும். மாவில் ஒட்டுக் கட்டுவது எதற்காகவோ, அதற்காகத்தான் திசு வளர்ப்பும்: நல்ல மரத்தின் குணம் மாறாத கன்றுகளைப் பெறுவதற்கு. ஒட்டில் ஒரு குச்சிக்கு ஒரு கன்று. இதிலோ ஒரு மொட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

தாய்மரத்தின் தளிர்மொட்டை நறுக்கி, கிருமி நீக்கி, கண்ணாடிக் குடுவையில் வைக்கிறோம். அதில் மண் கிடையாது. சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின், துளி வளர்ச்சி ஊக்கி ஆகியவற்றைக் கடல்பாசி சேர்த்து உறையவைத்த கூழ்தான் உணவு. முராஷிகே, ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட பக்குவம் இன்றும் பல கூடங்களில் வழக்கத்தில் உள்ளது. சுமார் 25 டிகிரி வெப்பத்தில், விளக்கொளியில், சில வாரங்களில் ஒரு மொட்டு பல தளிராகும். அவற்றைப் பிரித்து வைக்க வைக்கப் பெருகும். பின்னர் வேர்விடச் செய்து, நிழற்கூடத்தில் மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். குடுவை ஈரத்தில் வளர்ந்த இலை வெயில் தாங்காது. இந்தக் கட்டத்தில் நிறையக் கன்றுகள் மடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

மரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு தேக்கு நல்ல மரமா என்பது அது முதிர்ந்த பிறகே தெரியும். ஆனால் முதிர்ந்த மரத்தின் மொட்டு, நறுக்கிய வாழைக்காய்போல், குடுவையில் கறுத்துப் போகும், எளிதில் துளிர்க்காது. நாம் வாழும் இந்தப் புனே நகரின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் மஸ்கரேனஸ் குழுவினர் 100 ஆண்டு வயதான தேக்கிலிருந்தே கன்றுகள் உண்டாக்கி, 1980-இல் அதை வெளியிட்டார்கள். இது பெரிய சாதனை.

ஆனால் திசு வளர்ப்பு தருவது தாய்மரத்தின் குணத்தை மட்டுமே. காலத்தைச் சுருக்கும் மந்திரம் அதில் இல்லை. வைரம் பாய வயது வேண்டும், நல்ல மண் வேண்டும். நீர் தேங்கும் நிலம் தேக்குக்கு ஆகாது. 1990-களில் இருபதே ஆண்டில் மரத்துக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று விளம்பரம் செய்த தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு, முதலையே இழந்த குடும்பங்கள் ஏராளம். அதன் பிறகே, 1999-இல், இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குச் செபி விதிமுறைகள் வகுத்தது.

ஆகவே கன்று வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். தாய்மரம் எங்கே இருக்கிறது, அதன் வயது என்ன? கன்றுகள் ஒரே மரத்தினுடையவையா, பல மரங்களினுடையவையா? ஒரே மரத்தின் நகல்களாக இருந்தால், அதைத் தாக்கும் நோய் தோப்பு முழுவதையும் தாக்கும். மூன்றாவது, திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் ஏற்படுத்திய சான்றளிப்பு முறையில் அந்தக் கூடம் அங்கீகாரம் பெற்றதா?

இவற்றுக்கு நேரான பதில் தருபவரிடம் தயங்காமல் வாங்கலாம். பதிலுக்குப் பதிலாக லாபக் கணக்கை நீட்டுபவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முன்னோர் விட்டுச் சென்ற நிலம் பத்திரமாக இருக்கட்டும்.