வானலை வழியே – 9: நமுனுகுல மலை மறைக்கும் தீவு

"நீங்கள் மலைநாட்டு ஆள்தானே, உங்களுக்கென்ன குறை? உயரத்தில் இருந்தால் அலை தூரம் போகுமே!"

கொழும்பு நண்பர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். தொலைக்காட்சிக்கும் எப்.எம்.முக்கும் அது சரிதான். சிற்றலையில் தூரத்துத் தீவுகளைத் தேடும் ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக்காரருக்கு அது பாதி உண்மை. பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஊர் உட்கார்ந்திருப்பது சட்டியின் அடியில்.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு வேலை செய்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானி, ஒரு முழ நூல், நூலின் நுனியில் சைக்கிள் நட்டு ஒன்று. பாகைமானியின் நேர்விளிம்பு வழியாகத் தென்கிழக்கே நமுனுகுல மலையின் உச்சியைப் பார்த்தேன். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 பாகை விலகி நின்றது. பக்கத்தில் கடலை விற்றவர், "என்ன சேர், காணி அளக்கிறீங்களா?" என்றார். காணிதான், ஆகாயக் காணி.

கணக்கும் அதையே சொல்கிறது. நமுனுகுல 2,036 மீற்றர். நகரத்திலிருந்து நேர்க்கோட்டில் 9 கிலோமீற்றர்கூட இருக்காது. அந்தத் திசையில் 9 பாகைக்குக் கீழே ஆகாயமே இல்லை.

அதே கோட்டை மலைக்கு அப்பால் கடல்மேல் நீட்டினால் 2,750 கிலோமீற்றருக்கு அப்பால் கொக்கோஸ் தீவுகள். இன்று அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தம். குடியிருப்பவர்கள் சுமார் 600 பேர். தமிழனுக்கு இந்தத் தீவு புதிதல்ல. கில்லாடி ஆளை "சரியான எம்டன்" என்கிறோமே, 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அந்த ஜெர்மன் கப்பல் நவம்பர் 9 அன்று முடிந்தது கொக்கோஸில்தான். முடித்தது பீரங்கி மட்டுமல்ல. தீவிலிருந்த தந்தி நிலையத்தார் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று கம்பியில்லாத் தந்தியில் தட்டினார்கள். அருகே போய்க்கொண்டிருந்த அவுஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி'யின் காதில் அது விழுந்தது.  

சரி, ரேடியோவுக்கு வருவோம். சிற்றலை நேராகத் தீவுக்குப் போவதில்லை. வானில் 300 கிலோமீற்றர் வாக்கில் இருக்கும் அயனமண்டலத்தில் பட்டு, வளைந்து, கீழே இறங்குகிறது. குளத்தில் ஓட்டுச்சில்லு எறிகிற மாதிரி: படுக்கையாக எறிந்தால் ஒரே தாவலில் தூரம் போகும், தூக்கி எறிந்தால் கிட்டத்தில் விழும். தரையை ஒட்டிக் கிளம்பும் அலை ஒரு தாவலில் 3,800 கிலோமீற்றர் வரை எட்டும். 10 பாகையில் கிளம்பினால் 2,200தான். கொக்கோஸை ஒரே தாவலில் பிடிக்க 6 பாகை வேண்டும். பதுளையில் அந்த 6 பாகையில் நிற்பது மலை.

இதனால் பதுளைக்காரருக்குக் கொக்கோஸ் கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. மலை விளிம்பில் அலை கொஞ்சம் மடிந்து இறங்கும். அல்லது 20 பாகையில் தூக்கி எறிந்து இரண்டு தாவலில் போகலாம். ஆனால் தாவலுக்குத் தாவல் பலம் குறையும். 28 மெகாஹேட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில், தூக்கி எறிந்த அலை பல நாட்களில் திரும்பாமல் விண்வெளிக்கே போய்விடும்.

கிட்டத்துத் தீவுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாலைத்தீவுக்கு 30 பாகை, அந்தமானுக்கு 20 பாகை. எந்த மலையும் அதை மறைக்காது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் இந்திய ஹாம்கள் அந்தமானின் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் திகதி சுனாமி வந்ததும் பொழுதுபோக்கு நிலையம் அவசரத் தொடர்பு நிலையமாயிற்று. அந்தக் குரல்கள் பதுளைப் பள்ளத்தாக்கிலும் இறங்கக்கூடியவை.

தூரத்துத் தீவுதான் வேண்டுமென்றால் ஹப்புத்தளைக்கு ஏறவேண்டும். தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட், ஏறக்குறைய 1,970 மீற்றர். அங்கே என் பாகைமானிக்கு வேலையில்லை. தேயிலை மலை தெற்கே சரிந்து இறங்குகிறது; வானம் தெளிந்த விடியலில் தூரத்தில் கடல் தெரியும். அதற்கப்பால் நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை தரை என்று ஒன்றில்லை. சற்று மேற்கே ஒதுங்கினால் கெர்கலென், ஹேர்ட் தீவுகள். 6,000 கிலோமீற்றருக்கு மேல். உலக ஹாம்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தீவுகள் அவை.

உயரத்தைவிட அந்தச் சரிவுக்குத்தான் மதிப்பு. சமதரையில் 14 மெகாஹேட்ஸுக்கான ஏரியல் கம்பியை 10 மீற்றர் உயரத்தில் கட்டினால் அலையின் பெரும்பலம் 30 பாகையில் போகும். 20 மீற்றரில் கட்டினால் 14 பாகைக்கு இறங்கும். தோட்டத்தில் 20 மீற்றர்க் கம்பத்துக்கு எங்கே போவது? சரிவின் விளிம்பில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கிடையே கட்டிய சாதாரணக் கம்பிக்கு, முன்னால் நிலம் இறங்குவதே கம்பம் உயர்ந்த மாதிரி. இதற்கும் மேலான இடம் கடற்கரை. செங்குத்தாக நிறுத்திய கம்பியின் அலையை உப்புநீர் தாழ்வாகவே அனுப்பும். 

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். பாகைமானிக்கு எதுவும் வேண்டாம். உங்கள் லயத்து வாசலில் நின்று எட்டுத் திசையிலும் மலை எத்தனை பாகை என்று அளந்து, தோட்டத்தின் பெயரோடு ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். எந்த லயத்து வாசலுக்கு எந்தத் தீவு தெரியும் என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.