எஃகா, டைட்டேனியமா?

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் கொட்டாம்பட்டிப் பக்கம் போகும் லாரிகளின் அடியில், அடுக்கடுக்கான எஃகு வில்பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் நிமிரும், உடைவதில்லை. உடையாமல் தாங்குவது ஒரு குணம், வளையாமலும் நீளாமலும் விறைப்பாக நிற்பது வேறொரு குணம். அதே சாலை சென்று சேரும் திருச்சியில், 1966-இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

ரைபிளின் குழலுக்குப் பின்னால் தோட்டாவைத் தள்ளி, பூட்டி, சுடவைக்கும் பகுதியை 'ஆக்ஷன்' என்பார்கள். அதில் முக்கியமானவை இரண்டு: கதவுத் தாழ்ப்பாள் போல் முன்னும் பின்னும் நகரும் 'போல்ட்', அதைத் தாங்கும் கூடான 'ரிசீவர்'. மருந்து எரியும்போது குழலின் அடியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 3500 மடங்குக்கும் மேலான அழுத்தம் உண்டாகிறது. தோட்டாவின் உட்புற அடிப்பரப்பு முக்கால் சதுர சென்டிமீட்டர்தான் என்று கொண்டாலும், போல்ட்டின் மேல் ஏறத்தாழ இரண்டரை டன் விசை! அதற்குப் பின்னால் சில அங்குலத்தில் சுடுபவரின் முகம்.

1962 சீனப் போருக்குப் பின், வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் இந்தச் சிக்கல் எழுந்தது. பழைய .303 லீ–என்ஃபீல்டு ரைபிளை, அதிக அழுத்தம் தரும் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்ற வேண்டும். வடிவத்தைப் பெரிதும் மாற்றாமல், மேலான எஃகுக் கலவையைப் பயன்படுத்தி 2ஏ என்ற ரைபிளைச் செய்தார்கள்.

அங்கே டைட்டேனியம் போட்டிருந்தால்? அதன் அடர்த்தி 4.5, எஃகுக்கு 7.85. நல்ல டைட்டேனியக் கலவை, ஆக்ஷனுக்குரிய எஃகுக்கு ஏறக்குறைய ஈடாக இழுவிசையைத் தாங்கும். 800 கிராம் ஆக்ஷன் 460 கிராமாகிவிடும். ஆசை வருகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். யங் குணகம், எஃகுக்குச் சுமார் 205 ஜிகாபாஸ்கல், டைட்டேனியத்துக்கு 110-தான். ஒரே தடிமன், ஒரே விசை என்றால் டைட்டேனியம் ஏறத்தாழ இருமடங்கு நீளும்.

லீ–என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் முளைகள் பின்பக்கம் இருக்கின்றன. ஆகவே சுடும்போது போல்ட் முழுதும் நசுங்குகிறது. ரிசீவரின் சுவர்கள் இழுபடுகின்றன. அந்த நீட்சி மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு அடியில் அறுந்து, சூடான வாயு பின்னோக்கிப் பாயலாம். சுவரைத் தடிப்பாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்: எஃகுக்கு 26, டைட்டேனியத்துக்கு 24. அதே விறைப்பு வேண்டுமானால் அதே எடை போட்டே ஆகவேண்டும். லாபம் போயே போய்விட்டது!

மவுசர் ரைபிளில் முளைகள் முன்பக்கம், குழலை ஒட்டியே உள்ளன. இழுபடும் நீளம் மிகச் சிறிது. அங்கே டைட்டேனிய ரிசீவர் பொருந்தும். அமெரிக்க ரெமிங்டன் 700 ரைபிளில் அப்படி ஒரு வகை வந்தது. ஆனால் அதிலும் போல்ட் எஃகுதான். டைட்டேனியம் தன்னோடு தானே உரசினால் ஒட்டிப் பிய்ந்துவிடும் கெட்ட குணம் கொண்டது.

எடை குறைவது மலையேறி வேட்டையாடும் நாட்டவர்க்கு உதவும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது; நமக்கு உள்ளது இலக்குச் சுடுதல். 9.5 கிராம் குண்டு வினாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 8 அலகு. வாயுவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 3.4 கிலோ ரைபிள் தோளில் 9.4 ஜூல் ஆற்றலோடு உதைக்கும். 340 கிராம் குறைந்தால் 10.5 ஜூல். இலக்குச் சுடுபவர் ஏன் கனமான ரைபிளை விரும்புகிறார் என்பதை இனி நீங்களே சொல்வீர்கள்.