தோலும் சாட்சி சொல்லும்!

பரிசோதனை என்றாலே நமக்கு ஊசியும் ரத்தமும்தான் ஞாபகத்துக்கு வரும். குழந்தைகளோ ஊரையே கூட்டிவிடும்! ஆனால், பூச்சிமருந்து போன்ற ரசாயனம் மேலே பட்டிருக்கிறதா என்று குத்தாமல், கீறாமல் தோலிலிருந்தே கண்டுபிடிக்கும் முறைகள் இருக்கின்றன. வயலுக்கு மருந்தடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் ஆவலோடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில் செய்கிறார்கள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் கையைத் துடைத்து, அந்தத் துணியைச் சோதிப்பது ஒரு முறை. கையை அலசிய திரவத்தைச் சோதிப்பது இன்னொன்று. மூன்றாவது, நம் வீட்டில் இருப்பது போன்ற ஒட்டும் டேப்! தோலின் மேல், காகிதத்தைவிட மெல்லியதாக, செத்த செல்களின் படலம் ஒன்று உண்டு. டேப்பை ஒட்டி உரித்தால் அதில் கொஞ்சம் கூடவே வந்துவிடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து உரித்தால், ரசாயனம் அந்தப் படலத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் தெரியும்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, சகோதரிகளே. 1971-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து முன்கையைவிட நெற்றி வழியே சுமார் நாலு மடங்கு அதிகமாக உள்ளே போனதாம். மருந்துக் கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

உடையும் லேசுப்பட்டதல்ல. சாரின் என்ற விஷம், 1930-களில் ஜெர்மனியில் பூச்சிமருந்து ஆராய்ச்சியில் பிறந்தது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் அதைப் பரப்பியபோது, நோயாளிகளின் துணியிலிருந்து கிளம்பிய ஆவியால் ஆஸ்பத்திரி ஊழியர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே, மருந்து மேலே பட்டுவிட்டால் முதலில் உடையைக் களையுங்கள். சோப்புப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நகக்கண், தலைமுடி, காதோரம் எதையும் விடாதீர்கள். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வாயில் எச்சில் ஊறுவது, அதிக வியர்வை, வாந்தி, கண்பார்வை மங்கல், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவின் லேபிளை டாக்டரிடம் காட்டுங்கள்.

கழுவினால் தடயம் போய்விடுமே என்று தயங்காதீர்கள். தோல் சோதனை, மேலே பட்டதைத்தான் சொல்லும். இவ்வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் செய்த வேலையை அறிய டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். சோதனை பிறகு இருக்கட்டும். சோப்பும் தண்ணீரும் முந்திக்கொள்ளட்டும்!