பீரோவுக்குள்ளே தூங்குது உங்க அட்டை!

ஐ-20 வந்தாச்சு. விசா முத்திரை விழுந்தாச்சு. ஃப்ரெண்ட்ஸுக்கு பிரியாணி ட்ரீட்டும் கொடுத்தாச்சு. அடுத்தது ஊறுகாய் பாட்டிலை பேக் பண்றதுதான்னு நினைக்கிறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்... குழந்தையில் உங்களுக்கு ஊசி போட்ட அட்டை எங்கே?

சிரிக்காதீங்க. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்டதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஆதாரம் கேட்கின்றன. இல்லையென்றால் பாடங்களுக்குப் பதிவு செய்யவிடாமல் 'ஹோல்ட்' போட்டுவிடுவார்கள்.

கோவிட் ஊசி சான்றிதழ் மாதிரி செல்போனில் தட்டி எடுத்துடலாம் என்று கனவு காணாதீங்க. கோவின் வந்தது 2021-ல். இருபது வருஷத்துக்கு முந்தைய உங்க கணக்கு பேப்பரில்தான் இருக்கும். முதலில் அம்மாவைக் கேளுங்க. ரேஷன் கார்டு, நகைச்சீட்டு எல்லாம் இருக்கிற அதே பீரோவில், மடங்கிப்போய் ஒரு அட்டை கிடைக்கலாம். கிடைக்கலையா? பிறந்த ஆஸ்பத்திரி, ஊசி போட்ட குழந்தை டாக்டர், ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒரு ரவுண்டு போங்க. பழைய பதிவேடு இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

அட்டை கிடைச்சதும் துள்ளிக் குதிக்காதீங்க. அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் அம்மா பேர் இருக்கலாம். உங்க பேரே இருக்காது! தேதியும் வில்லன்தான். நம்ம ஊர் 5-7 ஜூலை ஐந்து. அவங்க ஊரில் அது மே ஏழு. அதனால் பல்கலைக்கழகம் தரும் படிவத்தில் டாக்டரை விட்டே நிரப்பி, கையெழுத்தும் சீலும் வாங்கிடுங்க.

இன்னொரு சிக்கல். அரசு மருத்துவமனையில் ஒன்பதாம் மாதம் போட்டது தட்டம்மைக்கு மட்டும். முதல் பிறந்த நாளுக்கு முன்னால் போட்டதால் அங்கே அது கணக்கிலேயே வராது. 2017-ல் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டீர்களே, அது தட்டம்மை - ரூபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கி அதிலே கிடையாது. ஆக, தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். போட்டிருந்தால்தான் தப்பிச்சீங்க.

இல்லாட்டியும் பயம் வேண்டாம். எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். அல்லது புதுசாகவே இரண்டு ஊசி போட்டுக்கலாம். முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை. (கர்ப்பிணிகள் போடக்கூடாது.) ஆனால் இரண்டுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி கட்டாயம். ஆகஸ்ட் பத்தாம் தேதி ஃப்ளைட் என்றால் ஜூலை முதல் வாரத்துக்குள் முதல் ஊசி போட்டாகணும். காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் கேட்டிருந்தால், ரத்தத்தை எம்.எம்.ஆர். போடும் அன்றைக்கோ அதற்கு முன்போ கொடுத்துடுங்க. பிந்தினால் சில வாரம் காத்திருக்கணும்.

டெக்சாஸ் போறவங்களா? 22 வயதுக்குள் இருந்தால் மூளைக்காய்ச்சல் ஊசியும் வேணும், வகுப்பு தொடங்க 10 நாள் முன்னாடியே.

'தெரிஞ்ச லேப்ல ஒரு சர்ட்டிஃபிகேட் ரெடி பண்ணிடலாம் மச்சி' என்று ஒரு நண்பர் நிச்சயம் வருவார். அவருக்கு டீ மட்டும் வாங்கிக்கொடுத்து அனுப்பிடுங்க. நூறு பேர் தங்கும் ஹாஸ்டலில் தட்டம்மை புகுந்தால் அந்தப் பேப்பர் உங்களைக் காப்பாற்றாது.

ஒரிஜினல் அட்டையை ஸ்கேன் பண்ணி மெயிலில் போட்டு வைங்க. அட்டை திரும்ப அம்மா பீரோவுக்கே போகட்டும்.