வரைபடத்தின் அளவும் தெளிவும்

பன்னிரண்டு மாத மழையளவைப் பட்டியலாகப் படிப்பதைவிட வரைபடமாகப் பார்த்தால் விரைவில் விளங்கும். இத்தகைய வரைபடங்களைக் கணினியில் வரைய, பைத்தான் நிரல்மொழியில் ‘மேட்பிளாட்லிப்’ என்னும் தொகுப்பு உதவுகிறது. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹண்டர் இதனை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில வரிக் கட்டளைகளிலேயே இதில் வரைபடத்தை உருவாக்கிவிடலாம். ஆனால், திரையில் அழகாகத் தோன்றும் வரைபடத்தை அறிக்கையில் சேர்த்ததும் எழுத்துகள் சிறுத்துவிடுவதுண்டு. இதற்குக் காரணம் என்ன?

வரைபடத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, அதன் அகலமும் உயரமும். இவற்றை ‘ஃபிக்சைஸ்’ என்னும் கட்டளைச் சொல்லால் அங்குலத்தில் குறிப்பிடுகிறோம். இரண்டாவது, ஓர் அங்குலத்தில் அமையும் படப்புள்ளிகளின் எண்ணிக்கை. இதற்கு ‘டிபிஐ’ என்று பெயர். நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், அகலம் 6.4 அங்குலம், உயரம் 4.8 அங்குலம், டிபிஐ 100 எனக் கணினியே எடுத்துக்கொள்ளும். இவற்றைப் பெருக்கினால், படம் 640 படப்புள்ளி அகலமும் 480 படப்புள்ளி உயரமும் கொண்டிருக்கும்.

எழுத்தின் அளவு ‘பாயிண்ட்’ எனும் அலகில் குறிக்கப்படுகிறது. 72 பாயிண்ட் ஓர் அங்குலமாகும். வழக்கமான எழுத்தளவு 10 பாயிண்ட். படத்தை அகலமாக்கினாலும் எழுத்து தானாகப் பெரிதாவதில்லை.

இரு மாணவர்கள் ஒரே மழையளவு வரைபடத்தை வரைகின்றனர் என வைத்துக்கொள்வோம். ஒருவர் அகலத்தை 12.8 அங்குலமாகவும் உயரத்தை 9.6 அங்குலமாகவும் கூட்டுகிறார். மற்றவர் அகலத்தையும் உயரத்தையும் மாற்றாமல் டிபிஐயை 200 ஆக்குகிறார். இரண்டு படங்களிலும் 1280 × 960 படப்புள்ளிகளே உள்ளன. எனினும், ஏ4 தாளில் இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 6.3 அங்குலமே. அதில் பொருந்த, முதல் படத்தைப் பாதியாகச் சுருக்க வேண்டும். அதன் எழுத்தும் ஏறத்தாழ 5 பாயிண்டாகக் குறைந்துவிடும். மாதப் பெயர்களைப் படிக்கவே சிரமப்பட வேண்டியிருக்கும். இரண்டாவது படமோ கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதமும் முக்கியம். ஒடுங்கி உயர்ந்த படத்தில் மழையளவு திடீரெனக் கூடியதுபோல் தோன்றும். அகன்று தாழ்ந்த படத்தில் அதே அளவு மெல்ல ஏறியதுபோல் தோன்றும். எண்கள் மாறுவதில்லை, பார்ப்பவரின் எண்ணமே மாறுகிறது. ஆகவே, ஒப்பிட வேண்டிய வரைபடங்களை ஒரே அளவிலும் ஒரே அளவுத்திட்டத்திலும் வரைவதே நேர்மையான முறையாகும்.

எனவே, வரையத் தொடங்கும் முன்பே படம் இடம்பெறும் பகுதியை அளந்துகொள்ளுங்கள். சென்டிமீட்டரில் அளந்தால், 2.54ஆல் வகுத்து அங்குலமாக மாற்றுங்கள். அதன் பிறகு டிபிஐயை முடிவு செய்யுங்கள். அச்சுக்குப் பொதுவாக 300 ஏற்றது. இறுதியாக, ஒரு தாளில் அச்சிட்டு, எல்லா எழுத்துகளையும் எளிதில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.